கல்லும் செம்பும் ஓலையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகள் ஒரு இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. திங்கள்தோறும் பாய் விரித்து, நூல் ஒன்றை நடுவில் வைத்து, அதைப் பற்றிப் பேசிக் கலைவது இவ்வட்டத்தின் வழக்கம். அவ்வாறு நடுவில் வைக்கப்படும் நூல் என்ற பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எழுத்து எங்கே பிறந்தது? எதற்காகப் பிறந்தது? முதல் நூல்கள் எவற்றின் மீது எழுதப்பட்டன? இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் எகிப்துக்கோ, பாபிலோனுக்கோ மட்டும் செல்ல வேண்டியதில்லை. வைகையும் சுருளியும் முல்லையாறும் பாயும் நம் தேனி மாவட்டத்திலேயே அவ்விடையின் ஒரு பெரும்பகுதி கிடக்கிறது. கிடக்கிறது என்ற சொல்லை அறிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் உலகை ஒரு முறை பார்த்து வருவோம். இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் ஊருக் என்னும் பழநகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளே இன்று நாம் அறிந்த மிகப் பழைய எழுத்துகளுள் முதன்மையானவை. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 3300. ஈரக் களிமண்ணில் நாணற்குச்சியால் அழுத்தி எழுதிய அப்பலகைகளில் என்ன இருக்கிறது? காவியமா? கடவுள் வாழ்த்தா? இல்லை. இத்தனை ஆடு, இத்தனை மாடு, இத்தனை படி பார்லி, வேலையாளுக்கு இவ்வளவு கூலித் தானியம் என்று கணக்கு இருக்கிறது. மனித இனத்தின் முதல் எழுத்தாளன் ஒரு கணக்கப்பிள்ளை. இதைக் கேட்டுப் புலவர் பெருமக்கள் வருந்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எழுத்திலிருந்துதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கில்காமேஷ் காவியம் பிறந்தது.

சீனத்தில் கதை வேறு. அங்கே கி.மு. 1200 அளவில் ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் எழுதினார்கள். போருக்குப் போகலாமா, மழை வருமா, அரசியின் மகப்பேறு நலமாக முடியுமா என்று முன்னோரிடம் கேட்ட குறிகளே அவ்வெழுத்துகள். ஆக, ஒரு நாட்டில் எழுத்து கணக்குக்காகப் பிறந்தது. இன்னொரு நாட்டில் குறி கேட்பதற்காக முதன்முதலில் நம் கண்ணில் படுகிறது. தமிழ்நாட்டில் எதற்காக?

சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறியீடுகள் இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. ஆதலால் நாம் உறுதியாகப் படிக்கக்கூடிய தமிழ் எழுத்துகளிலிருந்து தொடங்குவோம். தமிழ் பிராமி என்றும் தமிழி என்றும் வழங்கப்படும் எழுத்து அது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், சமண முனிவர் தங்கிய குகைகளில் அவ்வெழுத்துகள் உள்ளன. மாங்குளம் குன்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவின் பெயரும் வெட்டப்பட்டுள்ளன. பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், எழுத்துப் பொறித்த புரிமணையொடு நெல்லும் கிடைத்தது. அந்நெல்லை ஆய்ந்து கண்ட காலம் கி.மு. 490. கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டவற்றைப் பற்றி 2019இல் வெளியிட்ட அறிக்கை, எழுத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்கிறது. தமிழ் எழுத்து அசோகனுக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்ற வழக்கு அறிஞரிடையே நீண்ட காலமாக நடந்து வருவது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதியைக் கொண்டு ஒரு காலம் சொன்னார். மண்ணைத் தோண்டியவர்கள் கரியையும் நெல்லையும் கொண்டு அதற்கு முந்திய காலம் சொல்கிறார்கள். அவ்வழக்கில் இன்று நான் புகவில்லை. எனக்கு வேண்டியது வேறொன்று. அப்பானை ஓடுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆதன், குவிரன் என்று பெயர்கள். பானைக்கு உரியவரின் பெயர்கள். கணக்குமில்லை, குறியுமில்லை. இன்னார் என்ற பெயர்.

பெயரை எழுதி வைக்கும் அந்தப் பழக்கம், நம் மாவட்டத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றபோது என்ன ஆயிற்று என்பதே இன்றைய என் பேச்சின் நடுப்பொருள்.

ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகைக் கரையை ஒட்டிய சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர் அங்கே, சிதைந்து போன ஈமக்காட்டுப் பகுதியில் மூன்று நடுகற்களைக் கண்டனர். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. அதுவரை எழுத்துடன் கிடைத்த பழைய நடுகற்கள் என்று நாம் பேசி வந்தவை செங்கம், தருமபுரிப் பகுதிக் கற்கள். அவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியும் அதற்குப் பின்னரும் எழுந்தவை; வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் உடையவை. புலிமான்கோம்பைக் கற்களோ எழுத்தமைதியால் கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை எனக் கருதப்படுபவை. உருவம் இல்லை, சிற்பம் இல்லை, வெறும் கல், அதன் மேல் எழுத்து. அவ்வளவுதான்.

அவற்றுள் ஒன்றில் உள்ள எழுத்தை அறிஞர்கள் இவ்வாறு படித்தனர்: கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள். எண்ணிப் பாருங்கள், ஏழே சொற்கள். குறள் வெண்பாவுக்கும் சீர் ஏழுதான். பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் இது. கூடல் ஊரில் நடந்த ஆகோளில் அவன் இறந்தான் என்பது பொருள். ஆகோள் என்பது ஆநிரையைக் கவர்தல். தொல்காப்பியர் வெட்சித் திணையின் துறைகளை அடுக்கும் இடத்தில் ஆளும் அதே சொல். இலக்கணம் கற்ற நாம் ஏட்டில் மட்டுமே இருப்பதாக எண்ணிய ஒரு சொல், நம் ஆண்டிப்பட்டி மண்ணில் கல்லில் வெட்டிக் கிடந்தது. தொல்காப்பியம் கற்பனையான வாழ்வுக்கு இலக்கணம் எழுதிய நூல் என்று இனி எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

கூடல் ஊர் எது? கூடல் என்பது மதுரைக்கும் பெயர். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கோடியில், குமுளி மலையின் அடிவாரத்தில் உள்ள நம் கூடலூரே அது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. மலையும் மேய்ச்சல் நிலமும் அடுத்தடுத்து அமைந்து, சேரநாட்டுக்குக் கணவாய் வழி செல்லும் இடத்தில் ஆநிரைப் பூசல் நடந்திருப்பது பொருத்தமே. வழக்கு முடிவு எதுவாயினும், பள்ளத்தாக்கின் நடுவே வாழும் நமக்கு அந்தப் பெயரைக் கல்லில் காண்பது மெய்சிலிர்க்கும் செயல்.

இக்கல் சொல்லாத ஒன்றையும் கவனியுங்கள். தீயன் அந்தவன் ஆநிரையைக் கவரச் சென்றவனா, கவர்ந்ததை மீட்கச் சென்றவனா? கல் வாய் திறக்கவில்லை. இறந்தான் என்ற வினைகூட அதில் இல்லை. அவனுக்கு அஞ்சி ஓடியவர் எத்தனை பேர், அவன் கொன்றவர் எத்தனை பேர் என்ற புகழ்ச்சியும் இல்லை. ஊர், பெயர், இடம், நிகழ்ச்சி. நான்கு செய்திகளோடு உளி நின்றுவிட்டது. கண்டவர்களுக்கு மீதி தெரியும் என்று அவ்வூரார் நினைத்திருக்க வேண்டும்.

இப்பொழுது ஊருக் நகரத்துக் களிமண் பலகையையும் புலிமான்கோம்பைக் கல்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மாடு இருக்கிறது. தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று பொருள், அங்கேயும் அப்படித்தான். அந்தப் பலகை மாட்டை எண்ணியது. இந்தக் கல், மாட்டுக்காக மாண்ட மனிதனை எண்ணியது. எத்தனை மாடு போயிற்று, எத்தனை மீண்டது என்று நம் கல் சொல்லவே இல்லை. எழுத்தின் பயன் எது என்ற வினாவுக்கு உலகம் தந்த இரு விடைகள் இவை. கணக்கும் வேண்டும்தான், கணக்கு இல்லாமல் அரசு இல்லை, வாணிகம் இல்லை. ஆனால் இலக்கியம் எந்த விடையின் வழிவந்தது என்று கேட்டால், நான் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

இங்கே ஒரு தடை எழலாம். கல்லில் எழுத்து இருந்தால் ஊரெல்லாம் எழுத்தறிவு இருந்தது என்று பொருளா? எழுதத் தெரிந்த ஒருவனை எங்கிருந்தோ அழைத்துவந்து வெட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நல்ல தடைதான். ஒருவரே வெட்டியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் படிப்பார் எவரும் இல்லாத இடத்தில் எழுத்தை வெட்டி வைப்பதற்குக் காரணம் வேண்டும். குகைக் கல்வெட்டு அரசனும் வணிகனும் துறவிக்குக் கொடுத்த கொடையைச் சொல்வது. அது பெரிய இடத்து எழுத்து. நடுகல்லோ மாடு மேய்க்கும் நிலத்தில், அரசன் பெயர் ஒன்றும் இல்லாமல், ஓர் ஊரார் தம்மில் ஒருவனுக்கு எடுத்தது. நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் அப்பால், முல்லை நிலத்துக்கு எழுத்து வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எல்லாரும் படித்தார்கள் என்று சொல்ல வேண்டாம். எழுத்து எல்லாருக்கும் வேண்டியதாக இருந்தது என்று சொல்லலாம்.

படித்தவர் யார் என்பதற்குச் சங்கப் பாடலிலேயே ஒரு காட்சி உண்டு. பாலை வழியில் நிற்கும் நடுகல்லில் போவோர் அம்பு தீட்டித் தீட்டி அதன் பக்கம் தேய்ந்துவிட்டது, எழுத்துகள் சிதைந்தன, வழிச்செல்லும் புதியவர்கள் நின்று படிக்க முயன்று, கூட்டிப் படிக்க இயலாமல் விட்டுச் செல்கின்றனர் என்று அகநானூற்றுப் பாடல் ஒன்று கூறுகிறது. அன்பர்களே, இதில் இரு செய்திகள் உள்ளன. வழிப்போக்கர் நின்று படிக்க முயன்றனர் என்பது ஒன்று. எழுத்து அழிந்துபோவதைக் கண்டு வருந்திய ஒரு புலவர் அக்காலத்திலேயே இருந்தார் என்பது மற்றொன்று. கல்வெட்டைக் காக்க வேண்டும் என்ற கவலை நம்மிடம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

இனி, கல்லிலிருந்து நூல் எப்படிப் பிறந்தது என்பதற்கு வருகிறேன். தொல்காப்பியர் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படிகளாகப் பகுத்தார். தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதைக் கொண்டுவருவது கால்கோள், நீரில் ஆட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை, நடுவது நடுதல், படையலிடுவது பெரும்படை, போற்றுவது வாழ்த்தல். இனிச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைத் திறந்து காதைகளின் பெயர்களை மட்டும் படியுங்கள். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. ஏழு காதைகளுள் ஐந்து, நடுகல் சடங்கின் படிகள்! மாடு மீட்கப் போய் மாண்ட ஆயருக்கும் மறவருக்கும் எடுத்த கல்லின் முறையையே, இளங்கோவடிகள் கணவனை இழந்த ஒரு வணிகக் குலப் பெண்ணுக்காகத் தம் காப்பியத்தின் ஒரு காண்டமாக அமைத்தார். கல் ஏடாயிற்று. அதுவும் எங்கே? கூடலூருக்கு மேலே மலையுச்சியில் மங்கலதேவி கோட்டம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் அதுவே என்பது 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் மலையேறிக் கண்டு நிறுவ முயன்ற முடிபு. சித்திரை முழுநிலவு நாளில் நம் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே ஏறிச் செல்கிறார்கள். அடிவாரத்தில் ஆகோள் கல் பேசும் கூடல். உச்சியில் காப்பியத் தலைவியின் கோட்டம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள மலைப்பாதைதான் தமிழ் இலக்கியம் நடந்த பாதை என்று சொன்னால் மிகையென்று தள்ளிவிடாதீர்கள்.

கல்லை அடுத்துச் செம்பு. நம் சின்னமனூர்ச் செப்பேடுகளைப் பற்றிக் கேட்டிராத வரலாற்று மாணவர் இருக்க முடியாது. அரிகேசரிநல்லூர் என்று வழங்கிய அவ்வூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரு தொகுதி. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மூன்றாம் இராசசிம்மன் காலத்தது. செப்பேடு என்பதும் ஓர் ஏடே. ஓலையைப் போல நீண்ட தகடுகள். துளையிட்டு வளையத்தில் கோத்து, முத்திரையிட்டு வைப்பார்கள். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில். தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். நோக்கம் நிலக்கொடை. அதாவது ஊருக் பலகையைப் போல அதுவும் ஒரு கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கைச் சொல்வதற்கு முன் பாண்டியர் பெருமையைச் சொல்ல வந்த புலவர், அவர்கள் வென்ற போர்களோடு இன்னும் இரண்டு செயல்களையும் சேர்த்துச் சொன்னார்: மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தினார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள். தமிழ்ச் சங்கத்தைப் பற்றி இலக்கிய உரைகளுக்கு வெளியே கிடைத்த பழஞ்சான்றுகளுள் இது தலையாயது. நிலக்கணக்கு எழுதும் இடத்தில் நூலைப் பற்றியும் புலவர் அவையைப் பற்றியும் எழுதியே தீர வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அந்த நினைப்புக்கு நம் பள்ளத்தாக்கு சாட்சி.

சின்னமனூருக்கு அண்மையில் உத்தமபாளையம். அங்கே கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அச்சணந்தி முனிவரின் பெயரும் அவற்றுள் உண்டு. பானை ஓட்டில் தொடங்கிய பெயர் எழுதும் வழக்கம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பெயராகவே தொடர்ந்து வருவதைக் காண்கிறீர்கள்.

கல்லும் செம்பும் சில சொற்களையே தாங்கும். பெருநூலைத் தாங்க ஓலை வேண்டும். நூலைக் குறிக்கும் நம் சொற்களைப் பாருங்கள்: ஏடு, சுவடி, ஓலை, இதழ். பெரும்பாலும் மரமும் இலையும் தந்த சொற்கள். எழுது என்ற வினையும் முதலில் கீறுதல், வரைதல் என்னும் பொருளோடு ஓவியத்துக்கும் உரியதாக நின்றது. பனையோலையைப் பக்குவமாக வெட்டி, நரம்பு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, அளவாக நறுக்கித் துளையிடுவார்கள். எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் கரியும் இலைச்சாறும் தடவினால் எழுத்து தெளியும். கயிறு கோத்து, கயிற்றின் முனையில் உருவிவிடாதிருக்க ஓலைத் துண்டைக் கிளிமூக்காக வெட்டிக் கட்டி, இருபுறமும் மரச்சட்டம் வைத்தால் சுவடி. ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் புள்ளி வைப்பதை விட்டனர். ஏகார எகர வேறுபாடும் எழுத்தில் மறைந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தும் எழுத்தாணி அஞ்சியது. பழஞ்சுவடி பதிப்பித்தோர் ஒவ்வொரு சொல்லிலும் பட்ட துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஓலையின் வாழ்நாள் குறுகியது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கறையானுக்கும் பூச்சிக்கும் தப்பினால் இருநூறு, முந்நூறு ஆண்டு. அசிரிய மன்னன் அசூர்பனிபாலின் நினிவே நூலகத்தை நினைத்துப் பாருங்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அரண்மனை எரிந்து விழுந்தது; ஆனால் களிமண் பலகைகள் தீயில் மேலும் இறுகி, இரண்டாயிரத்து நானூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்தன. அந்த நூல்களை மக்கள் மறந்தார்கள், மண் காத்தது. நம் நூல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. புறநானூறு மண்ணில் புதைந்திருந்தால் ஒரு தலைமுறையில் மண்ணாகியிருக்கும். ஒவ்வொரு மூன்று நான்கு தலைமுறைக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுமையாகப் படியெடுத்ததால் மட்டுமே அது நம் கைக்கு வந்தது. அவர்கள் நூல் மறக்கப்பட்டும் பிழைத்தது. நம் நூல் நினைக்கப்பட்டதால் பிழைத்தது. பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தோர் வரிசையில் ஒருவர் சோம்பியிருந்தால் சங்க இலக்கியம் இல்லை. அப்படிச் சோம்பிய இடங்களில் எத்தனை நூல்கள் போயின என்பதைப் பழைய உரையாசிரியர்கள் பெயரளவில் சுட்டும் மறைந்த நூல்களே காட்டும்.

அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல், பதினாறே பக்கம். ஆயினும் அச்சகம் நடத்தும் உரிமை இந்நாட்டாருக்குத் தடையின்றிக் கிடைக்க 1835ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை மழவை மகாலிங்கையர் அச்சிட்டது 1847இல். கலித்தொகையைச் சி.வை. தாமோதரம் பிள்ளையும், சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையரும் வெளியிட்டது 1887இல். புறநானூறு 1894இல். முதல் அச்சு நூலுக்கும் புறநானூற்றுக்கும் இடையே முந்நூற்றுப் பதினாறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட சுவடிகள் எத்தனை, அடுப்பிலும் வேள்வித் தீயிலும் போனவை எத்தனை! பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்ட செய்தியைக் கரிவலம்வந்தநல்லூரில் கேட்டு உ.வே.சா. நொந்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆற்றில் விட்டவர்களும் தீயில் இட்டவர்களும் பகைவர்கள் அல்லர். பழுதான ஏட்டுக்கு மரியாதை செய்வதாகவே அவர்கள் நினைத்தார்கள். அறியாமையால் ஏற்படும் இழப்பைவிட மரியாதையால் ஏற்படும் இழப்பைத் தடுப்பது கடினம்.

அதனால்தான் அன்பர்களே, உங்களிடம் சில சொற்கள். புலிமான்கோம்பைக் கற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் இருந்தன. 2006இல் ஆராய்ச்சியாளர் கண் படுவதற்கு முன் எந்த ஒரு நாளும் அவை வரப்புக் கல்லாகவோ, துணி துவைக்கும் கல்லாகவோ, வீட்டுக்கு அடித்தளமாகவோ போயிருக்கலாம். போயிருந்தால், ஆகோள் என்ற சொல்லைக் கல்லில் காணும் பேறு நமக்குக் கிடைத்திராது. அவற்றோடு இருந்து அவ்வாறு போன கற்கள் எத்தனையோ! கீழடியைக் கண்ட ஆய்வுப் பயணத்தில், 2013–14ஆம் ஆண்டு, தொல்லியலறிஞர் அமர்நாத் இராமகிருஷ்ணன் குழுவினர் வைகை பிறக்கும் நம் மலையடிவாரத்திலிருந்து கடல் சேரும் இடம் வரை கரையோரம் நடந்து 293 பழைய வாழ்விடங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் அகழ்ந்து பார்த்தவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. நம் மாவட்டப் பகுதியில் உள்ளவற்றை நம்மில் எத்தனை பேர் சென்று பார்த்திருக்கிறோம்?

இவ்வட்டம் அடுத்த பத்து ஆண்டுக்கு ஒரு பணியை ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறேன். திங்களுக்கு ஓர் ஊர். கோயில் வாயிலில், கண்மாய்க் கரையில், மந்தையில் நிற்கும் கல்லை நின்று பாருங்கள். எழுத்து இருந்தால் சுண்ணாம்பு பூச வேண்டாம் என்று ஊராரிடம் அன்பாகச் சொல்லுங்கள். அம்மன் முகத்துக்கு மஞ்சள் பூசுவதைத் தடுக்க வேண்டாம், எழுத்து இருக்கும் பக்கத்தை விட்டுவிடக் கேளுங்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், ஆணியால் கீறித் தெளிவாக்க முயலாதீர்கள். ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். கல்லைப் பெயர்த்து வர வேண்டாம். இடம் மாறிய கல் பாதி ஊமை. பரணில் ஓலைச் சுவடி வைத்திருக்கும் வீடுகள் நம் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. மருத்துவமாக இருக்கும், சோதிடமாக இருக்கும், பழைய நிலக்கணக்காக இருக்கும். ஆண்டுக்கொரு முறை கலைமகள் பூசையன்று பொட்டு வைத்து மீண்டும் பரணில் ஏற்றுகிறார்கள். சுவடியைக் கொடுக்க மனம் இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அது அவர் பாட்டன் கையெழுத்து. ஒவ்வோர் ஏடாக ஒளிப்படம் எடுத்துக்கொள்ள மட்டும் இசைவு கேளுங்கள். கொடுக்க முன்வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், சரசுவதி மகால் நூலகமும், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன.

நிலக்கணக்குச் சுவடிதானே, இலக்கியம் அல்லவே என்று தள்ளிவிடாதீர்கள். சின்னமனூர்ச் செப்பேடும் நிலக்கணக்குதான். அதற்குள்தான் சங்கம் இருந்தது. மருந்துக் குறிப்புக்கு நடுவே ஒரு தாலாட்டு எழுதப்பட்டிருக்கலாம். கணக்குக்கு நடுவே ஒரு பஞ்ச காலத்தின் செய்தி இருக்கலாம். படித்துப் பார்த்த பின்னரே எது குப்பை என்று சொல்ல உரிமை உண்டு.

தீயன் அந்தவன் என்ன குலத்தான், எந்தத் தெய்வத்தை வணங்கினான், அவனுக்கு மனைவி மக்கள் இருந்தனரா, நமக்குத் தெரியாது. ஆனால் அவன் பெயரை நாம் இன்று இந்த மன்றத்தில் சொல்லுகிறோம். அவனுக்குக் கல் எடுத்தவர்கள் கேட்டது அவ்வளவுதான்: யாரேனும் இந்தப் பெயரைப் படிக்க வேண்டும். அவர்கள் கேட்டதை நாம் செய்துவிட்டோம். அவனோடு நின்று, இன்னும் படிக்கப்படாமல் நம் ஊர்களில் கிடக்கும் மற்றவர்களின் பெயர்களைப் படிப்பது இனி நம் கடன்.